தண்ணீரைப் பார்த்துப் பின்னிய கூடு

உலகத்தின் அழகான கருவிகளுக்கு ஒரு பட்டியல் போடச் சொன்னால், லூசியானாவின் நெல்வயல் தண்ணீரில் வரிசை வரிசையாக நிற்கும் கிராஃபிஷ் கூட்டைத் தயங்காமல் அதில் சேர்ப்பேன். கறுப்புப் பூச்சு ஏற்றிய கம்பிவலை, அடியில் மூன்று புனல்கள், உச்சியில் வழவழப்பான ஒரு கழுத்துப் பட்டை, சாயாமல் நிற்க ஓர் இரும்புக் கம்பி. அவ்வளவுதான். அசைகிற பாகம் ஒன்றுகூட இல்லை. மூடிக்கொள்ளும் கதவு இல்லை, விசை இல்லை, சுருக்கு இல்லை. நுழையும் வழிகள் மூன்றும் திறந்தே கிடக்கின்றன. தலைப்பக்கமும் வானம் பார்த்துத் திறந்தே இருக்கிறது. ஆனாலும் உள்ளே போன பிராணிகளில் பெரும்பாலானவை மறுநாள் காலை அங்கேயே இருக்கின்றன. எப்படி என்று கேட்டுக்கொண்டு போனால், அந்தப் பிராணியின் நடை, மூச்சு, பசி, அது வாழும் தண்ணீரின் ஆழம், சூடு எல்லாவற்றையும் தெரிந்துகொள்ளாமல் விடை கிடைக்காது. கூடு என்பது ஒரு கைவேலை மட்டுமல்ல. ஓர் ஊர்க்காரர்கள் தங்கள் தண்ணீரைப் பற்றிச் சேர்த்துவைத்த அறிவு கம்பியில் பின்னப்பட்டு நிற்கிறது என்பது என் எண்ணம்.

கிராஃபிஷ் நம் ஊர் ஏரி குளங்களில் இயற்கையாக வாழும் உயிர் அல்ல. முன்னால் இரண்டு கொடுக்கு, பின்னால் மடங்கும் வால், விரல் நீளத்துக்கு உடல். கடலில் கிடைக்கும் சிங்கி இறாலின் நன்னீர் உறவு. லூசியானாவில் வலைக்கு வருபவை பெரும்பாலும் சிவப்புச் சதுப்புநிலக் கிராஃபிஷ். ஆற்றோர வெள்ளைக் கிராஃபிஷும் கொஞ்சம் கலந்து வரும். சிவப்பு வகைக்கு ஒரு பழக்கம் உண்டு. கோடையில் தண்ணீர் வற்றும்போது ஈரமண்ணில் வளை தோண்டி இறங்கிவிடும். வளைவாயில் மண் உருண்டைகளை அடுக்கி, சிறு புகைபோக்கி போல எழுப்பி வைக்கும். பெண் கிராஃபிஷ் அந்த வளைக்குள்ளேயே முட்டையிட்டு, வாலடியில் ஒட்டவைத்துக் காக்கும். மழையோ வெள்ளமோ மறுபடி நிலத்தை மூடும்போது குஞ்சுகளோடு வெளியே வரும். வற்றலும் வெள்ளமும் மாறி மாறி வரும் நிலத்துக்காகவே அமைந்த வாழ்க்கை இது.

நெல் விவசாயிகள் இந்த வாழ்க்கைக் கணக்கைத் தங்கள் வயலின் கணக்கோடு பொருத்தியதில்தான் கலை தொடங்குகிறது. நெற்பயிர் நிற்கும்போதே, கோடையின் தொடக்கத்தில், ஏக்கருக்கு இத்தனை பவுண்டு என்று தாய்க் கிராஃபிஷை வயலில் விடுவார்கள். அறுவடைக்காகத் தண்ணீரை வடிக்கும்போது அவை மண்ணுக்குள் இறங்கிவிடும். அறுவடை முடிந்தபின், வெயில் தணியும் அக்டோபர் வரை காத்திருந்து, தாளடியோடு வயலை மறுபடி தண்ணீரால் நிரப்புவார்கள். முன்கூட்டி நிரப்பினால் சூட்டில் வைக்கோல் வேகமாக அழுகி, தண்ணீரில் உள்ள பிராணவாயுவைத் தின்றுவிடும். பொறுத்து நிரப்பினால் தாள் மெதுவாக மட்கும். அதன்மேல் பாசியும் நுண்ணுயிர்களும் படரும். அவற்றைத் தின்னப் புழுவும் பூச்சியும் வரும். இவையெல்லாம் கிராஃபிஷுக்கு உணவாகும். நவம்பர், டிசம்பரில் கூடு போடத் தொடங்கி, மே, ஜூன் வரை பிடிப்பார்கள். மார்ச் முதல் மே வரை உச்சம். கிறிஸ்தவர்களின் தவக்காலமும் அப்போதே வருவதால், புனித வெள்ளிக்குக் கிராஃபிஷ் வேண்டும் என்று ஊரே கேட்கும்.

இனி அந்த வயல் கூட்டைக் கையில் எடுத்துப் பார்க்கலாம். அதைப் பிரமிடு கூடு என்கிறார்கள். அடி அகன்று, மேலே போகப் போக ஒடுங்கும் வடிவம். அடி அகன்றிருப்பதற்குக் காரணம் கிராஃபிஷின் நடை. அது மீனைப் போல நடுத்தண்ணீரில் நீந்தி இரை தேடுவதில்லை. தரையில் ஊர்ந்து, உணர்கொம்பாலும் கால்களாலும் மோப்பம் பிடித்துக்கொண்டு நடக்கும். எனவே புனலின் வாய் தரையோடு தரையாக இருக்க வேண்டும். நாலு விரல் உயரத்தில் தூக்கி வைத்தால், வாசனை பிடித்து வந்த கிராஃபிஷ் கூட்டைச் சுற்றிச் சுற்றி வந்துவிட்டுப் போய்விடும். மூன்று புனல் வைத்ததற்கும் காரணம் இருக்கிறது. எந்தத் திசையிலிருந்து வந்தாலும் ஒரு வாய் அருகில் இருக்கும். இரண்டு புனல் கொண்ட கூட்டைவிட இது கூடுதலாகப் பிடிக்கிறது என்பது லூசியானா மாநிலப் பல்கலைக்கழக வேளாண் மையத்து ஆய்வாளர்களும் விவசாயிகளும் ஒத்துக்கொள்ளும் விஷயம்.

புனலின் உள்முனையைப் பாருங்கள். வெளியே அகன்ற வாய், உள்ளே போகப் போகக் குறுகி, ஏறக்குறைய இரண்டு அங்குல வட்டமாக முடிகிறது. அந்த வட்டம் கூட்டின் சுவரில் இல்லை. சுவரிலிருந்து தள்ளி, உள்வெளியில் நீட்டிக்கொண்டு நிற்கிறது. முழு ரகசியமும் இங்கேதான். உள்ளே வந்த கிராஃபிஷ் வெளியேற நினைக்கும்போது சுவரோரமாகவே தடவிக்கொண்டு போகும், மூலையில் ஒண்டும், கம்பியைப் பற்றி ஏறும். நடுவெளியில் நீட்டிக்கொண்டிருக்கும் வட்டத்தின்மேல் அதன் கால் படுவது அபூர்வம். வந்த வழி திறந்திருந்தும் கண்டுபிடிக்க முடிவதில்லை. புனல் நசுங்கி உள்ளே சாய்ந்துவிட்டால், அல்லது முனை சுவரோடு ஒட்டிவிட்டால், அந்தக் கூடு அன்று முதல் வெறும் சாப்பாட்டுக்கடை. கை பழகியவர் கூட்டைத் தூக்கியதும் முதலில் புனல் முனையைத்தான் பார்ப்பார். வளைந்திருந்தால் விரலை விட்டு நிமிர்த்திவிட்டே மறுபடி போடுவார்.

உச்சியில் இருக்கும் கழுத்துப் பட்டை எனக்கு இன்னும் பிடித்த இடம். கிராஃபிஷ் கம்பிவலையில் அருமையாக ஏறும். திறந்த தலை வழியாக ஏறிப் போய்விடாதா? போகாது. வலை முடியும் இடத்தில் வழுவழுப்பான பிளாஸ்டிக்கோ தகடோ வளையமாகப் பொருத்தியிருக்கிறார்கள். அதில் கால்நகம் பற்ற ஒன்றுமில்லை; வழுக்கி மறுபடி உள்ளேயே விழும். ஒரு மூடி வைத்திருந்தால் அதைத் திறக்கவும் மூடவும் நேரம் போகும். மூடியே வேண்டாம் என்று செய்துவிட்டது ஒரு சாண் அகலப் பட்டை. அதே பட்டை, தண்ணீருக்கு மேலே நீட்டிக்கொண்டிருப்பதால், கூடு எங்கே என்று கண்ணுக்குக் காட்டுகிறது. கை போட்டுத் தூக்கப் பிடியாகவும் ஆகிறது. கவிழ்க்கும்போது கிராஃபிஷ் சறுக்கி வரும் வாயாகவும் ஆகிறது. ஒரு பொருளுக்கு நாலு வேலை. இந்தச் சிக்கனத்தைத்தான் நான் அழகு என்கிறேன்.

ஆனால் இந்தக் கூடு இவ்வளவு எளிமையாக இருக்க ஒரு நிபந்தனை உண்டு: தண்ணீர் ஆழமாக இருக்கக்கூடாது. முழங்காலை எட்டாத வயல் தண்ணீரில்தான் கழுத்து மேலே நிற்கும். ஏக்கருக்குப் பத்து முதல் பதினைந்து கூடுகளை நேர்க்கோட்டில் வைக்கிறார்கள். நடுவே படகு போக வழி. படகும் இந்த மண்ணின் கண்டுபிடிப்புதான். தட்டையான அலுமினியப் படகு. அதை உந்துவது தண்ணீரைக் கடையும் விசிறி அல்ல, சேற்றைப் பற்றி உருளும் ஓர் இரும்புச் சக்கரம். கரையை ஏறிக் கடந்து அடுத்த வயலில் இறங்கவும் அதற்குத் தெரியும். ஓட்டுபவர் காலால் திசை திருப்புகிறார். கைகள் இரண்டும் கூட்டுக்கு. இந்தப் படகை உருவாக்கிய விவசாயிகளையும் ஊர்ப் பட்டறைக்காரர்களையும் பற்றி ஜான் லாடுன் என்ற நாட்டார் வழக்காற்று ஆய்வாளர் ‘தி அமேசிங் கிராஃபிஷ் போட்’ என்று ஒரு முழுப் புத்தகமே 2016-ல் எழுதியிருக்கிறார். பட்டறையில் பிறந்த ஒரு படகுக்கு அந்த மரியாதை கிடைத்தது நியாயம்.

வேலை நடக்கும் விதத்தைப் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். படகு நிற்பதே இல்லை. ஓட்டுபவர் ஒரு கூட்டைக் கழுத்தைப் பிடித்துத் தூக்குகிறார். மேசை போன்ற தட்டில் கவிழ்த்துத் தட்டுகிறார். சிவப்பும் கறுப்புமாகக் கிராஃபிஷ் சரசரவென்று கொட்டுகிறது. காலியான கூட்டுக்குள் புது இரையைப் போடுகிறார். அதற்குள் படகு அடுத்த கூட்டை எட்டிவிடும். பழைய இடத்துக்குத் திரும்பிப் போவதில்லை. கையில் உள்ள கூட்டை அடுத்ததன் இடத்தில் வைத்து, அங்கிருப்பதை எடுத்துக்கொள்கிறார். இப்படி ஒவ்வொரு கூடும் ஓர் இடம் முன்னால் நகர்ந்துகொண்டே போகிறது. தட்டில் கொட்டியவற்றில் குப்பை, சிறு மீன், ரொம்பச் சிறுசு ஆகியவை விலக, மிச்சம் நழுவிப் போய்த் தட்டின் வாயில் மாட்டியிருக்கும் வலைச்சாக்கில் விழுகிறது. சாக்கு ஒன்று முப்பத்தைந்து, நாற்பது பவுண்டு வரும்.

இதே கூட்டை எடுத்துக்கொண்டு அச்சாஃபலாயா சதுப்புக்காட்டுக்குப் போனால் பிரயோசனமில்லை. அமெரிக்காவின் மிகப் பெரிய ஆற்றுச் சதுப்புக்காடு அது. சைப்ரஸ் மரங்கள் தண்ணீரிலேயே நிற்கும். 1963-ல் முடிந்த ‘ஓல்ட் ரிவர்’ கட்டுப்பாட்டு அணை வழியாக, மிசிசிப்பியும் சிவப்பாறும் சேர்ந்த நீரோட்டத்தில் முப்பது விழுக்காடு அந்தப் பக்கம் திருப்பிவிடப்படுகிறது. வசந்தத்தில் வடக்கே பனி உருகி, மழையும் சேர்ந்து, ஆறு பெருகிக் காட்டுக்குள் ஏறும்போது அங்கே கிராஃபிஷ் பருவம். ஆழம் நாளுக்கு நாள் மாறும். தரையில் நிற்க வைக்கும் கூடு அங்கே மூழ்கிப்போகும். அங்கே உள்ளவர்கள் கையாளுவது தலையணைக் கூடு: அறுகோணக் கண் கொண்ட கம்பிவலையை உருளையாகச் சுருட்டி, ஒரு முனையில் இரண்டு புனல் வைத்து, மறுமுனையைத் தட்டையாக மடித்து மூடிவிடுவது. பார்க்க நீளமான தலையணை.

அதை மரத்தோடு சாய்த்துக் கட்டும் விதத்தில்தான் அனுபவம் தெரியும். புனல் பக்கம் கீழே போக வேண்டும். மூடிய முனை தண்ணீருக்கு மேலே கொஞ்சம் நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். காரணம் மூச்சு. ஓட்டமில்லாமல் தேங்கிய இடங்களில் இலைதழை அழுகி, தண்ணீர் கரும்பழுப்பாகி, பிராணவாயு வற்றிப்போகும். அங்குள்ளவர்கள் அதைக் கறுப்புத் தண்ணீர் என்பார்கள். கிராஃபிஷ் செவுள் ஈரமாக இருக்கும்வரை காற்றிலிருந்தும் மூச்சு வாங்கும். எனவே தண்ணீர் கெட்டால் மேலே ஏறி வரும். முழுக்க மூழ்கிய கூட்டில் அதற்கு வழியில்லை. மறுநாள் தூக்கினால் செத்த கிராஃபிஷ்தான் இருக்கும். ஒரு சாண் கம்பிவலை மேலே நீட்டியிருந்தால் கூட்டில் உள்ள அத்தனையும் ஏறி வந்து பிழைத்திருக்கும். பிடிக்கிற பிராணி உயிரோடு கரை சேர வேண்டும் என்பது இந்தத் தொழிலின் முதல் விதி. நல்ல ஓடுதண்ணீருக்கும் கறுப்புத் தண்ணீருக்கும் இடையே எல்லை எங்கே என்று நிறத்தைப் பார்த்தே கண்டுபிடித்து, அங்கே கூடு கட்டுகிறவரைத்தான் நான் கைதேர்ந்தவர் என்பேன். கட்டிய மரங்களில் வண்ண நாடாவைச் சுற்றிவைப்பார்கள். காடு முழுக்க ஒரே மாதிரி மரம், அடையாளம் வேண்டுமே.

இரையும் இதே பாடத்தைத்தான் சொல்கிறது. குளிர்ந்த தண்ணீரில் மீன்துண்டு நன்றாகப் பிடிக்கும். நம் மத்தி, உல்லம் மீன்களுக்கு உறவான மென்ஹேடன், ஷாட் போன்ற எண்ணெய்ப்பசையுள்ள மீன்கள் அங்கே சாதாரண இரை. குளிரில் வாசனை பரவுவதே மெதுவாக நடக்கும்; எண்ணெய்மீனின் வாடைதான் தொலைவு போகும். தண்ணீர் ஏறக்குறைய 21 டிகிரி செல்சியஸைத் தாண்டியதும் கணக்கு மாறும். மீன் சீக்கிரம் அழுகிக் கரையும். அப்போது தானியமும் மீன்தூளும் சேர்த்து அழுத்திச் செய்த குச்சி போன்ற தயாரிப்பு இரை மேல். அது கரைந்து கரைந்து வாசனையை நிதானமாக விடும். பருவம் மாறும் இடைப்பட்ட வாரங்களில் இரண்டையும் கலந்து போடுவார்கள். ஒரு கூட்டுக்கு ஏறக்குறைய நூற்றைம்பது கிராம் போதும். கூடுதலாகப் போட்டால் காசுதான் கரையும். இந்தத் தொழிலில் இரையின் செலவு சின்னச் செலவல்ல. எனவே தெர்மாமீட்டரைத் தண்ணீரில் விட்டுப் பார்த்து இரை வாங்குகிறவர் வீண் செலவு செய்யமாட்டார்.

நேரத்தின் கணக்கும் உண்டு. கூட்டை எத்தனை நாள் விட்டுவைப்பது? ஒரு நாள் அல்லது இரண்டு நாள். வெதுவெதுப்பான தண்ணீரில் ஒரு நாள். குளிரில், கிராஃபிஷ் மந்தமாக நடக்கும்போது, இரண்டு நாள். அதற்கு மேல் வைத்தால் கூடுதலாகச் சேரும் என்று எண்ணுவது தப்பு. இரை தீர்ந்தபின் உள்ளே இருக்க அவற்றுக்குக் காரணமில்லை. சுற்றிச் சுற்றி வந்து, சில புனலைக் கண்டுபிடித்து வெளியேறிவிடும். நெருக்கடியில் சில சாகும். அதுபோலச் சில நாட்களில் எல்லாம் சரியாக இருந்தும் கூடு காலியாக வரும். பெரும்பாலும் அவை ஓடு கழற்றும் நாட்கள். ஓடு கழன்ற கிராஃபிஷ் மெத்தென்று இருக்கும், ஒளிந்துகொள்ளும், தின்னாது. ஓடு இறுகும்வரை பொறுப்பது தவிர வேறு வழியில்லை.

வலைக்கண் விஷயத்தில் இந்தக் கலையின் நாகரிகம் தெரிகிறது. வழக்கமான கண் முக்கால் அங்குலம். பொது நீர்நிலைகளில் போடும் கூட்டுக்கு, முக்கால் அங்குலத்துக்குப் பதினொன்றின் கீழ் பதினாறு அங்குலம் என்று அறுகோணத்தின் குறைந்தபட்ச அளவையே லூசியானா சட்டமாக வைத்திருக்கிறது. சிறுசு அந்தக் கண் வழியாக வெளியேறிவிடும். வளர்ந்து மறுபடி வரும். நல்ல கூடு எதைப் பிடிக்கிறது என்பதோடு, எதை விடுகிறது என்பதையும் வைத்து மதிக்கப்பட வேண்டும். இங்கிலாந்தில் இதற்கு இன்னொரு விதி உண்டு. அங்கே கிராஃபிஷ் கூட்டின் வாய் 95 மில்லிமீட்டரைத் தாண்டக்கூடாது. நீர்நாய் உள்ளே தலையை விட்டு மாட்டிக்கொண்டு மூழ்கிவிடக்கூடாது என்பதற்காக. ஸ்வீடனில் கதை வேறு. 1907-ல் அங்கே பரவிய கிராஃபிஷ் கொள்ளைநோய் உள்ளூர் இனத்தைப் பெரிதும் அழித்தது. நோய் ஈரமான கூட்டோடும் வலையோடும் ஏரி விட்டு ஏரி போகும் என்பதால், ஒரு நீரில் போட்டதை நன்றாக உலர்த்தாமல், கிருமி நீக்காமல் இன்னொன்றில் போடக்கூடாது. கூட்டைக் காயவைப்பதும் அங்கே கலையின் பகுதி.

நம் காவிரிப் படுகை வாசகர்களுக்கு இதெல்லாம் முற்றிலும் அந்நியமாக இராது. மூங்கில் சிம்பில் முடைந்த பறியை வாய்க்கால் மடையில் வைத்து மீன் பிடிப்பது நம் வயல்களிலும் இருந்த வித்தை. உள்ளே வளைந்து குறுகும் வாய் இரண்டுக்கும் பொது. ஆனால் பறிக்கு இரை வேண்டாம். ஓடும் தண்ணீரே மீனைக் கொண்டுவந்து சேர்க்கும். கிராஃபிஷ் கூடு நிற்கும் தண்ணீரில் வேலை செய்கிறது. பிராணியைத் தானாக நடந்து வரவைக்க வேண்டும். எனவே அங்கே ஓட்டத்தின் இடத்தை வாசனை எடுத்துக்கொள்கிறது. இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தால், கூடு முடைபவர் முதலில் தண்ணீரைத்தான் பார்த்திருக்கிறார் என்பது விளங்கும்.

புதிதாகக் கூடு வாங்குகிறவருக்கு என் யோசனை இதுதான். கடைக்குப் போகுமுன் நீர்நிலைக்குப் போங்கள். ஆழத்தை அளந்து பாருங்கள். முழங்காலுக்குள் நின்று, ஏறி இறங்காமல் இருந்தால் நிற்கும் பிரமிடு கூடு. ஆழம் மாறுமென்றால், அல்லது தேங்கி நாறுமென்றால், மேலே நீட்டிக் கட்டக்கூடிய நீளக் கூடு. பின்னர் கூட்டைப் பாருங்கள். பூச்சு ஏற்றிய கம்பி விலை கூடினாலும் பல பருவம் உழைக்கும்; வெறுங்கம்பி சீக்கிரம் துருப்பிடிக்கும். கழுத்துப் பட்டையின் உட்பக்கத்தை விரலால் தடவுங்கள்; கீறலோ பிசிறோ இருந்தால் அது கிராஃபிஷுக்குப் படிக்கட்டு. புனல் முனை உருண்டையாக, விறைப்பாக, சுவரிலிருந்து விலகி நிற்கிறதா என்று பாருங்கள். அடிவலை தரையில் சமமாக உட்காருகிறதா என்று வைத்துப் பாருங்கள். இவ்வளவும் சரியாக இருந்தால் நிறமும் பளபளப்பும் பொருட்டல்ல.

லூசியானாவில் இந்தச் சின்னப் பிராணிக்குக் கிடைத்திருக்கும் இடம் பெரியது. ஹூமா பழங்குடியினருக்கு அது குலச்சின்னம். ப்ரோ பிரிட்ஜ் என்ற சிற்றூருக்கு உலகக் கிராஃபிஷ் தலைநகரம் என்ற பட்டத்தை மாநிலச் சட்டமன்றம் 1959-ல் கொடுத்தது. மறுவருடம் முதல் அங்கே திருவிழா நடக்கிறது. 1983-ல் கிராஃபிஷ் மாநிலத்தின் அடையாள ஓட்டுயிராக அறிவிக்கப்பட்டது. பெரிய அண்டாவில் மிளகாய்க் காரத்தோடு, உருளைக்கிழங்கும் மக்காச்சோளமும் சேர்த்து அவித்து, மேசையில் காகிதத்தை விரித்து அப்படியே கொட்டி, உறவும் நட்பும் சுற்றி நின்று உரித்துத் தின்பது அங்கே வசந்தத்தின் அடையாளம்.

இத்தனை இருந்தும், 2023-ல் கோடை வறட்சி கடுமையாக வந்தபோது மண் பிளந்தது. வளைக்குள் இருந்தவை ஈரமின்றி மடிந்தன. அடுத்த பருவத்தில் கூடுகள் காலியாக வந்தன, விலை தாறுமாறாக ஏறியது, 2024 மார்ச்சில் ஆளுநர் ஜெஃப் லாண்ட்ரி பேரிடர் அறிவிக்க வேண்டியதாயிற்று. கூட்டில் குறையில்லை, இரையில் குறையில்லை, கையில் குறையில்லை. மண்ணில் ஈரம் இல்லை. அச்சாஃபலாயாவில் கிராஃபிஷ் பிடிப்பவர்கள் கூட்டைவிட அதிகமாகப் பேசுவது வாய்க்கால்களைப் பற்றித்தான்: எங்கே மண் மேடிட்டு ஓட்டம் தடைபட்டது, எங்கே ஆற்றுத்தண்ணீர் உள்ளே வரவில்லை என்று. அது தொழிலுக்கு வெளியே உள்ள பேச்சு அல்ல, தொழிலின் நடுப்பேச்சு. நல்ல கூடு செய்யத் தெரிந்த ஊர், அந்தக் கூடு நிற்க நல்ல தண்ணீரையும் காத்துவைக்கக் கடமைப்பட்டிருக்கிறது. அதைச் செய்யும்வரைதான் கம்பியில் பின்னிய இந்த அறிவுக்கு வேலை இருக்கும்.